பன்னிரண்டாம் நாள் நண்டுதின்னி

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் பொதுவாக ஓய்வு பெற்றிருப்பார்கள். பென்ஷன், முட்டி வலி, மதியத் தூக்கம், அதற்கப்புறம்தான் பேனா. எனக்கு இருபத்தொன்பது வயது. முட்டி நன்றாகவே இருக்கிறது. மதியம் தூங்கினால் தலை வலிக்கும். ஆனாலும் எழுதுகிறேன். காரணம் நீங்கள்தான். அடுத்த வாரம் முதல் கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு கைடாக வரப்போகிற நீங்கள் நாலு பேரும் போன கூட்டத்தில் என்னை ஒரு கேள்வி கேட்டீர்கள்: "அக்கா, டூரோட கடைசி நாள்ல முக்கியமா என்ன பாத்துக்கணும்?"

"எல்லார் பாஸ்போர்ட்டும் இருக்கான்னு பாருங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அது தப்பான பதில் இல்லை. ஆனால் முழுப் பதிலில் முழங்கால் வரைக்கும் சேறு இருக்கிறது, ஒற்றை ஷூ இருக்கிறது, எங்கள் நைனாவின், அதாவது அப்பாவின், மம்முட்டி என்கிற மண்வெட்டி இருக்கிறது. அதையெல்லாம் டீ இடைவேளையில் சொல்ல முடியாது.

நாலு வருஷத்துக்கு முன்னால், லீடராக எனக்கு மூன்றாவது டூர். வெளிநாட்டிலிருந்து ஆறு பேர். மலையில் ஆரம்பித்து, காடு, அணை, உப்பளம் என்று பன்னிரண்டு நாள் சுற்றி, கடைசியாகப் பழவேற்காடு ஏரி. அங்கிருந்து நேராக விமான நிலையம். எங்கள் வீடு காட்டூர். ஏரிக்குப் பக்கம்தான். கடைசி நாளை என் சொந்த மண்ணில் வைத்துக்கொண்டது நான் போட்ட திட்டம். "கடைசி நாள் பாருங்க, கடைசி நாள் பாருங்க" என்று முதல் நாளிலிருந்தே பீற்றிக்கொண்டு வந்தேன். நீங்கள் பீற்றாதீர்கள்.

முதல் நாள் எல்லோரிடமும் ஒரு படிவம் கொடுப்போம், தெரியும் அல்லவா, அவசியம் பார்க்க விரும்பும் பறவைகள் எவை என்று? அன்னா என்ற பல் டாக்டரம்மா இருபத்து மூன்று பெயர் எழுதினார். ஹென்ரிக் என்ற ஓய்வு பெற்ற ரயில் டிரைவர் ஒன்றே ஒன்று எழுதினார்: கிராப் ப்ளோவர். வெள்ளை உடம்பு, கறுப்பு முதுகு, கறுத்துத் தடித்த அலகு, நீளமான கால்கள். நண்டைப் பிடித்து விழுங்கும் என்பதால் நான் அதற்கு நண்டுதின்னி என்று பெயர் வைத்திருக்கிறேன். நம் கரைக்கு எப்போதாவதுதான் வரும். ஹென்ரிக் தன் பர்ஸிலிருந்து ஒரு பழைய தபால் தலையை எடுத்துக் காட்டினார். எட்டு வயதில் சேர்த்ததாம். அதில் அந்தப் பறவை நின்றுகொண்டிருந்தது, கழுத்தில் ஏதோ ஒரு நாட்டின் முத்திரை மையோடு. "இவரை நேரில் பார்க்க வேண்டும்" என்றார். ஆமாம், 'இவரை' என்றுதான் சொன்னார்.

சிக்கல் என்னவென்றால் ஹென்ரிக்கால் எதையுமே பார்க்க முடியவில்லை. கண் நல்ல கண். ஆறு பேரில் விலை அதிகமான பைனாகுலர் அவருடையது. ஆனால் நான் "அதோ!" என்றால் ஐந்து பேர் ஒரு பக்கம் திரும்புவார்கள், அவர் மட்டும் வேறு பக்கம் திரும்புவார். மலையில் இருவாச்சி தலைக்கு மேல் சிறகடித்துப் போனபோது அவர் தேயிலை ஃபேக்டரியின் புகைபோக்கியைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அசையாமல் உட்கார்ந்திருக்கிற பறவை என்றால் முக்காலியில் நிற்கும் ஸ்கோப்பை வைத்துக் காட்டிவிடலாம். பறப்பது, ஓடுவது, எட்டிப் பார்த்து ஒளிவது எல்லாம் அவருக்குப் போச்சு.

அந்தச் சொல்லை நான்தான் என்னை அறியாமல் தினமும் சொல்லியிருக்கிறேன். பறவை பறந்ததும் "போச்சு!" மூன்றாம் நாளே ஆறு பேரும் அதைக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ் அதுதான். ஹென்ரிக் தப்பான பக்கத்திலிருந்து திரும்பி "எங்கே?" என்று கேட்டதும் ஐந்து பேரும் ஒரே குரலில் "போச்சு!" என்பார்கள். அவரும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக. எங்கள் வேன் டிரைவர் அவருக்குப் 'போச்சு தொரை' என்று பெயரே வைத்துவிட்டார். நானும் அவரை ராசியில்லாத மனிதர் என்று முடிவு கட்டிவிட்டேன். படித்தவள், விலங்கியல் பட்டம், ராசி என்று முடிவு கட்டினேன். குறித்துக்கொள்ளுங்கள்.

பதினோராம் நாள் மதியம் பழவேற்காடு வந்து சேர்ந்தோம். ஆறு பேரையும் பழைய டச்சுக் கல்லறையைப் பார்க்க அனுப்பிவிட்டு, நான் மட்டும் தேசப்பன் அண்ணன் படகில் ஏரிக்குள் போய் வேவு பார்த்தேன். தேசப்பன் அண்ணன் மீன் பிடிக்காத நாட்களில் நமக்குப் படகு ஓட்டுகிறவர். முகத்துவாரத்துக்குப் பக்கத்து மணல் திட்டில், ஆலாப் பறவைகளின் கும்பலுக்கு ஓரமாக, நாலு நண்டுதின்னிகள். மறுநாள் காலை தண்ணீர் எப்போது வடியும், காற்று எந்தப் பக்கம், வெயில் முதுகில் விழுமா முகத்தில் விழுமா, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதாதது ஒன்றே ஒன்று.

மறுநாள் காலை படகில் ஏறும்போது தேசப்பன் அண்ணன் தலையைச் சொறிந்தார். எதையாவது விளக்கிக்கொண்டே இருப்பதால் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா டீச்சர், இன்னிக்கும் அதே எடமா?"

"அதே இடம்தாண்ணா."

"சுத்திக்கினு போலாமா?"

"சுத்தினா எவ்ளோ நேரம்?"

"ஒண்ணேகா மணி நேரம் கூட ஆவும்."

"ஐயோ, வேணாம்ணா. பன்னெண்டரைக்கு வேன் எடுக்கணும். நேத்து போன வழியிலயே விடுங்க."

"நேத்து வேற, இன்னிக்கு வேற" என்றார். நான் "சீக்கிரம்ணா" என்றேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு மோட்டாரை இழுத்துவிட்டார்.

ஒரு படகுக்காரர் தலையைச் சொறிந்தால் ஏன் என்று கேளுங்கள். அதற்கு இரண்டு நொடிதான் ஆகும். நான் அந்த இரண்டு நொடியை மிச்சம் பிடித்தேன்.

அரை மணி நேரத்தில் தண்ணீரில் வரிசையாக நட்ட கழிகள் தெரிந்தன. நடுவில் வலை. பக்கத்தில் ஒரு படகில் நாலைந்து பேர். நாங்கள் நெருங்கியதும் அதிலிருந்து ஓர் ஆள் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசினான்.

"ஏய்! யார்ரா அது? மோட்டார அணைடா!"

தேசப்பன் அண்ணன் சட்டென்று அணைத்துவிட்டார். படகு தானாக மிதந்து நின்றது. எழுந்து நின்றவனுக்கு என் வயதுதான் இருக்கும். பெயர் குமரேசன் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"தேசப்பா, நீயா? இன்னிக்கு இங்க யார் பாடுன்னு உனுக்குத் தெரியாது? வெளியூரானா நீ?"

தேசப்பன் அண்ணன் குனிந்து மோட்டார் கயிற்றைச் சுருட்டினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

உங்களில் ஏரிக்கரைக்காரர்கள் யாரும் இல்லை என்பதால் சொல்கிறேன். மீன் கிடைக்கிற இடங்களை ஊர்க்காரர்கள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு இந்த இடத்தில் இன்னார் வலை கட்டலாம், நாளைக்கு வேறு ஆள். அதுதான் பாடு, நான் நோட்டில் எழுதாதது. அன்றைக்கு அந்தத் தண்ணீர் அவர்களுடையது. முந்தின நாள் அங்கே தேசப்பன் அண்ணனின் ஆட்களுடைய பாடு, அதனால் கையசைத்து விட்டுவிட்டார்கள். மறுநாள் அது குமரேசன் ஆட்களுடையது. இறால் வலைப் பக்கம் வருகிற நேரத்தில் வேற்று மோட்டார் சத்தம் போட்டுக்கொண்டு போனால் அந்த நாளே வீண். நான் வயல்காரர் வீட்டுப் பெண். தண்ணீருக்கு வரப்பு கிடையாது என்று இருபத்தைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து நின்றேன். படகு ஆடியது. "அண்ணா, தப்பு என்னுது. அவரு சுத்திப் போலாம்னுதான் சொன்னாரு. நான்தான் இப்படி விடச் சொன்னேன்."

"நீ யாரு?"

"கைடு. காட்டூரு."

"காட்டூரா? உங்க கயனில நாத்து வுட்டதும் நான் டிராக்டர் ஓட்டினு குறுக்க வந்தா உங்க நைனா வுடுவாரா?"

"வுட மாட்டாரு."

"இன்னா பண்ணுவாரு?"

"மம்முட்டி எடுத்துனு வருவாரு."

அந்தப் படகில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். குமரேசன் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த எடம் எனுக்கு சீட்டுல வுழ எத்தினி நாள் காத்துனு இருந்தேன் தெர்மா? கொக்கு பாக்க வந்த எடத்துல எறாவ தொரத்திட்டுப் போவாதீங்க. திரும்புங்க."

திரும்பலாம். கரைக்குப் பக்கத்திலேயே கூழைக்கடா நிறைய இருக்கும், பூநாரையும் இருக்கும். படம் எடுத்துக்கொண்டு ஐந்து பேர் சந்தோஷமாக ஊருக்குப் போவார்கள். ஹென்ரிக்கைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மணல் திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிருந்து அது ஒரு வெள்ளைக் கோடுதான். சட்டைப் பையை அவர் கை தொட்டுக்கொண்டிருந்தது. பர்ஸ் அதில்தான் இருந்தது.

"அண்ணா, மோட்டார் போடாம, கழி ஊனிப் போனா பரவால்லையா?"

"வலைய வுட்டு ஓரமா போவணும், இத்தினி பேர் வெயிட்டுக்கு அங்க தண்ணி பத்தாது. தரை தட்டும்."

"எறங்கி நடந்தா?"

குமரேசன் என் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். தொப்பி, சன்ஸ்கிரீன் பூசிய வெள்ளை மூக்கு, எழுபது வயதைத் தொட்ட முழங்கால்கள். "இவுங்களா? நடப்பாங்களா?"

"கேக்கறேன்."

கேட்கும்போது ஒன்றையும் மறைக்கவில்லை. இது என் தப்பு, இன்றைக்கு இது இவர்களுடைய தண்ணீர், நம் சத்தத்தால் இவர்களுக்கு ஒரு நாள் பிழைப்பு போகும் என்று சொன்னேன். திரும்பினால் கூழைக்கடா நிச்சயம். நடந்தால் எதுவும் நிச்சயமில்லை, அந்தப் பறவைகள் போயிருக்கவும் கூடும். நான் பேசி முடிப்பதற்குள் பல் டாக்டரம்மா கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டார்.

"ஏ கண்ணு, கீழ கயிறு கீது" என்று கத்தினான் குமரேசன். "தடுக்கி வுழுந்தா நானா தூக்கறது? இரு, வரேன்." தண்ணீரில் குதித்து எங்களிடம் நடந்து வந்தான். "காலத் தூக்கி வெக்காதீங்க, தேச்சினே வாங்க. அடியில திருக்கை கெடக்கும்."

நான் மொழிபெயர்த்தேன்: மணலுக்குள் ஒரு மீன் படுத்திருக்கும், மிதித்தால் வாலில் உள்ள முள்ளால் குத்திவிடும். பயப்படுவார்கள் என்று நினைத்தேன். "எந்த இனம்?" என்றார் பல் டாக்டரம்மா, ஆவலாக.

ஸ்கோப்பை வேனிலேயே விட்டுவிட்டிருந்தேன். படகில் அது ஆடும், சேற்றில் அதன் கால் புதையும். ஆகவே வெறும் பைனாகுலர்தான். இப்படித்தான் கிளம்பியது எங்கள் ஊர்வலம்: முன்னால் குமரேசன், பின்னால் காலைத் தேய்த்துத் தேய்த்து வெளிநாட்டுக்காரர்கள், கடைசியில் காலிப் படகைக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு தேசப்பன் அண்ணன். "டீச்சர், கண்ணாலத்துக்கு மாப்ள அழைப்பு மாரி கீது" என்றார். அன்று காலையிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை.

ஹென்ரிக் ஷூவைக் கழற்ற மறுத்துவிட்டார். ஐம்பதாவது அடியில் சேறு இடது ஷூவை வாங்கிக்கொண்டது. குமரேசன் தோள் வரைக்கும் கையை விட்டு அதைப் பிடுங்கி எடுத்து, கயிறுகளை முடிந்து தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அப்போது அவனுடைய படகிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். நாங்கள் எல்லோரும் இடது பக்கம் திரும்பினோம். ஹென்ரிக் வலது பக்கம் திரும்பினார். குமரேசன் அவரையே ஒரு கணம் பார்த்தான். பிறகு அவருக்கு இடது பக்கமாகப் போய் விரலைச் சொடுக்கினான். அவர் நடந்துகொண்டே இருந்தார். என்ன விளையாட்டு இது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மணி பத்தேமுக்கால்.

திட்டு நெருங்கியது. நூற்றுக்கணக்கில் ஆலாக்கள், கடற்காகங்கள், பொடிப்பொடியாக உள்ளான்கள். எல்லாம் ஒரே பக்கம் முகம் காட்டி நின்றன. மேலே ஒரு செம்பருந்து வட்டமடிக்க ஆரம்பித்திருந்தது. அது கொஞ்சம் தாழ்ந்தால் மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். நான் பைனாகுலரை ஓட்டினேன். ஆலா, ஆலா, ஆலா, உடைந்த கழி, அதற்குப் பக்கத்தில் நீளக் கால்கள். நண்டுதின்னிகள் நாலு பேரும் இருந்தார்கள்.

"இடது பக்கம்! உடைஞ்ச கழிக்கு வலது கைப் பக்கம், தண்ணி ஓரம்!" எல்லோருக்கும் இடப்புறம் நின்று, கத்தவும் கூடாது, கேட்கவும் வேண்டும் என்ற குரலில் சொன்னேன். ஐந்து பைனாகுலர்கள் ஒரே இடத்துக்குப் போயின. ஆறாவது, முகத்துவாரத்தின் மறு ஓரத்துக்குப் போனது.

"ஹென்ரிக், இடது! இடது!"

அவர் இன்னும் வலது பக்கம் போனார். பருந்து தாழ்ந்தது. பல் டாக்டரம்மாவின் வாய் தானாக 'போ'வுக்குக் குவிந்துவிட்டது.

குமரேசன் பின்னால் போய் ஹென்ரிக்கின் இரண்டு தோள்களையும் பிடித்து, படகின் முனையைத் திருப்புவது போல் அவரை அப்படியே திருப்பினான். பிறகு தன் கையை அவருடைய வலது கன்னத்தை ஒட்டி நீட்டினான், சேறும் இறால் வாசமுமாக. ஒற்றை விரல். ஹென்ரிக் அந்தக் கையின் மேல் கண்ணை வைத்துப் பார்த்தார். மெதுவாகப் பைனாகுலரை உயர்த்தினார்.

ஆறாவது பைனாகுலரும் அதே இடத்தில் நின்றது. நாலில் ஒன்று குடுகுடுவென்று ஓடி, ஒரு நண்டைக் கொத்தி எடுத்து, உதறி, காலை ஒடித்து, விழுங்கியது. தபால் தலையில் அது நின்றுகொண்டுதானே இருந்தது. ஓடும் என்று அவருக்கு அறுபது வருஷமாகத் தெரிந்திருக்காது.

"யம்மா" என்று குமரேசன் என் காதருகே வந்தான். "இந்தத் தொரைக்கு எடது காது கேக்காது. தெர்மா உனுக்கு?"

"என்னது?"

"எங்கண்ணனுக்கும் அப்டித்தான். மோட்டார் தின்ன காது. எங்கிருந்து கூப்டாலும் நல்ல காது பக்கம்தான் திரும்புவான். நீ இன்னாடான்னா அந்தாண்ட நின்னுகினு கத்தற."

பதினொரு நாளும் ஒரே நேரத்தில் என் தலைக்குள் ஓடியது. வேனில் எப்போதும் இடது ஜன்னல் ஓர இருக்கைதான் அவருக்கு வேண்டும், நல்ல காது எங்கள் பக்கம் இருக்கும்படி. தாமதமாக வருகிற சிரிப்பு, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிற சிரிப்பு. புகைபோக்கி. நான் அவரை ராசியில்லாதவர் என்றேன். வேனில் உட்கார்ந்து கூடச் சிரித்தேன்.

செம்பருந்து இறங்கியது. திட்டு முழுவதும் ஒரே வெள்ளை வீச்சாக எழும்பியது. நாலு நண்டுதின்னிகளும் காலைப் பின்னால் நீட்டிக்கொண்டு கடல் பக்கம் பறந்து, அலைக்கு மேல் சின்னதாகி, இல்லாமல் ஆயின. ஐந்து பேரும் அந்த வார்த்தையைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஹென்ரிக் பைனாகுலரை இறக்கினார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு, இந்த முறை தாமதமில்லாமல்.

"போச்சு!" என்றார்.

திரும்பி வரும்போது வலையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கழுத்திலிருந்த ஷூவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் குமரேசன் வலைக்குள் எட்டிப் பார்த்தான். அவன் ஒரு கை நிறைய இறாலை அள்ளி உயர்த்தினான், கண்ணாடி மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது.

"தப்பிச்ச! உங்க நைனாண்ட போய் சொல்லு, நான் மம்முட்டி எடுக்கலன்னு!"

வேன் ஒரு மணிக்குத்தான் கிளம்பியது. தாமதத்தை டிரைவர் ஈடுகட்டினார், விவரம் வேண்டாம். நான் ஹென்ரிக்குக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் என்ஜின் ஓட்டியதில் ஜன்னல் பக்கத்துக் காது போய்விட்டது என்றார். காதில் வைக்கும் கருவி பெட்டியின் அடியில் இருக்கிறதாம். "போட்டால் எல்லோரும் என்னிடம் குழந்தையிடம் பேசுவது போல் பேசுகிறார்கள்." மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் என்னைக் கேட்கவில்லை, நான் உங்களிடம் சொல்லவில்லை" என்றார்.

ஆகவே நான் இப்போது முதல் நாள் படிவத்தை வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவரோடும் தனியாக ஒரு டீ குடிக்கிறேன். எந்தப் பக்கம் நின்று பேசினால் வசதி என்று சாதாரணமாகக் கேட்கிறேன். ஏரிக்குப் போகும் முன்தினம் தேசப்பன் அண்ணனுக்கு ஃபோன் போட்டு, "நாளைக்கு யாரு பாடுண்ணா?" என்கிறேன். "பாஸ் ஆயிட்டீங்க டீச்சர், பாஸ்" என்பார். எனக்கு இதைக் கற்க முழங்கால் வரைக்கும் சேறு தேவைப்பட்டது. உங்களுக்கு ஒரு டீயும் ஒரு ஃபோனும் போதும்.

விமான நிலையம் வருவதற்கு முன்னால், வழக்கம்போல் பன்னிரண்டு நாள் பட்டியலை வேனில் உரக்கப் படித்தோம். பறவையின் பெயர், பார்த்த இடம், முதலில் கண்டுபிடித்தவர் யார். அந்த மூன்றாவது பத்தியில் நிறைய இடத்தில் என் பெயர்தான். நண்டுதின்னி வந்ததும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். நாலையும் முதலில் பார்த்தது நான்தானே, அதுவும் ஒரு நாள் முன்பே.

ஹென்ரிக் தன் நோட்டை என் மடியில் வைத்தார். "அந்த இளைஞர் பெயரை உங்கள் மொழியில் எழுதிக் கொடுங்கள்" என்றார்.

நண்டுதின்னிக்கு நேராக, முதலில் கண்டுபிடித்தவர் பத்தியில், குமரேசன் என்று எழுதினேன். அவர் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் தபால் தலையை வைத்து ஒரு முறை பார்த்துக்கொண்டார். நோட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் பக்கங்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு நாளிலும் அந்த மூன்றாவது பத்தியில் வேறு யாருடைய பெயரும் இல்லை, என் பெயர்கூட.